கிறிஸ்துமஸ் மரமும் காட்டுக் காவலும்



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் நாட்டுப் பட்டணங்களின் பேரங்காடிகளில் பச்சைப் பசேலென்று கிறிஸ்துமஸ் மரங்கள் எழுந்து நிற்கின்றன. அருகே சென்று தொட்டுப் பார்த்தால் அவற்றுள் பெரும்பாலானவை பிளாஸ்டிக் மரங்கள். அவற்றில் மின்விளக்குகள் கண் சிமிட்டுகின்றன. ஜிகினா இழைகள் பளபளக்கின்றன. அடியில் வண்ணத்தாள் சுற்றிய பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஜனவரி மாதம் வந்ததும் இவற்றுள் எத்தனை அடுத்த ஆண்டுக்கென்று எடுத்து வைக்கப்படுகின்றன, எத்தனை குப்பைத் தொட்டிக்குப் போகின்றன என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிக்காமல் விழாக் கொண்டாட வேண்டும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. இதைக் கேட்டு, "இது இந்தக் காலத்துப் புதுப்பேச்சு, நம் முன்னோர் இதையெல்லாம் எண்ணிப் பார்த்தார்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. எண்ணிப் பார்த்தார்கள் என்பதுதான் வரலாறு தரும் விடை. கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் சில காட்டைக் காப்பது பற்றியவைதாம். அந்த வரலாற்றை இன்று நாம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மரத்துக்கு முன்பு குடில் இருந்தது. ஆகவே, முதலில் குடிலைப் பார்த்துவிட்டு மரத்துக்கு வருவோம்.

இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்றொரு மலையூர் இருக்கிறது. 1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவன்று அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் அவ்வூரில் ஒரு காட்சியை அமைத்தார். பெத்லகேமில் குழந்தை இயேசு எத்தகைய வறுமையில் பிறந்தார் என்பதை எளிய மக்கள் கண்ணாலேயே காண வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்காக ஒரு தீவனத்தொட்டியையும் வைக்கோலையும் கொண்டுவரச் செய்தார். உயிருள்ள காளை ஒன்றையும் கழுதை ஒன்றையும் அங்கே நிறுத்தினார். ஊர் மக்கள் தீவட்டிகளும் மெழுகுத்திரிகளும் ஏந்தி மலையேறி வந்தார்கள். அவ்வளவுதான் அலங்காரம்.

விழா முடிந்ததும் அந்தப் பொருள்கள் என்னவாயின? பிரான்சிசின் வரலாற்றை முதன்முதலில் எழுதிய செலானோ ஊர்த் துறவி தோமாஸ், அந்த வைக்கோல் பின்னர் நோயுற்ற கால்நடைகளுக்கு ஊட்டப்பட்டதாகக் குறித்திருக்கிறார். வைக்கோல் தொழுவத்திலிருந்து வந்தது. மீண்டும் தொழுவத்துக்கே திரும்பியது. இன்று உலகெங்கும் அமைக்கப்படும் கிறிஸ்துமஸ் குடில்களுக்கெல்லாம் முன்மாதிரி கிரேச்சோக் குடில் என்பர். இதே பிரான்சிஸ் அடிகளைத்தான் 1979ஆம் ஆண்டில் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் சுற்றுச்சூழல் காவலரின் பாதுகாவலராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டில் பிரான்சிஸ் போப்பாண்டவர் பூமியைப் பேணுவது குறித்து விடுத்த சுற்றுமடலுக்கும் அசிசியாரின் பாடல் ஒன்றின் சொற்களே தலைப்பாயின. ஆகவே கிறிஸ்துமசையும் இயற்கைப் பாதுகாப்பையும் சேர்த்து எண்ணுவது வலிந்து ஒட்டவைத்த எண்ணமன்று.

இனி மரத்துக்கு வருவோம். இன்றைய பிரான்ஸ் நாட்டின் கிழக்கெல்லையில், ரைன் ஆற்றின் மேற்குக் கரையில் அல்சாஸ் என்னும் வட்டாரம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கு ஜெர்மன் மொழி பேசும் நகரங்கள் பல செழித்திருந்தன. அவற்றுள் ஒன்று செலெஸ்டா. அந்நகராட்சியின் 1521ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் ஒரு வரி உள்ளது. புனித தோமையார் திருநாள் முதல் விழா மரங்களைக் காவல் காப்பதற்காகக் காட்டுக் காவலர்களுக்கு 4 ஷில்லிங் கொடுக்கப்பட்டது என்பது அவ்வரியின் பொருள். தோமையார் திருநாள் அக்காலத்தில் டிசம்பர் 21ஆம் நாள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் சென்னைப் பரங்கிமலையோடு சேர்த்து நினைக்கும் அதே தோமையார்தாம் இவர்.

இந்த ஒற்றை வரியைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். கிறிஸ்துமசுக்கு நான்கு நாள் முன்பு காட்டில் காவல் போட வேண்டியிருந்தது என்றால், மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று இளமரங்களை வெட்டி வந்தார்கள் என்பதுதானே பொருள்? ஒரு நகராட்சி தன் கருவூலத்திலிருந்து பணம் செலவிட்டுத் தடுக்கும் அளவுக்கு அந்த வெட்டு மிகுந்திருந்தது.

அடுத்த சான்று இன்னும் தெளிவானது. அதே வட்டாரத்தில் அம்மெர்ஷ்விர் என்னும் ஊர் 1561ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தது. நகரவாசி எவரும் கிறிஸ்துமசுக்கு ஒரு மரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த மரமும் எட்டுச் சப்பாத்து நீளத்துக்கு மேற்படக் கூடாது. ஒரு சப்பாத்து ஏறத்தாழ ஓர் அடி என்று கொண்டால், எட்டுச் சப்பாத்து இன்றைய அளவில் சுமார் இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

அவர்களுக்கு ஏன் இவ்வளவு கவலை? அக்காலத்து ஐரோப்பிய ஊருக்குக் காடு என்பது சமையலறைக்கு விறகு, குளிர்காலத்துக்கு அனல், வீட்டுக்கு உத்திரம், வண்டிக்குச் சக்கரம், திராட்சை மதுவுக்குப் பீப்பாய், கால்நடைக்கு மேய்ச்சல். முதிர்ந்த மரத்தை வெட்டினால் ஒரு மரம் போகும். ஆனால், கிறிஸ்துமசுக்கு வெட்டப்படுவது இளமரம். அறுபது, எழுபது ஆண்டு கழித்துப் பேரனுக்கு உத்திரமாக வேண்டிய மரம் ஒரு வார அலங்காரத்துக்காகக் கன்றிலேயே போய்விடும்.

இதைத் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பால்மரக் கன்றை நட்டு, ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்த பிறகுதான் அதில் கத்தி வைக்கிறோம். மூன்றாம் ஆண்டிலேயே ஒருவன் அந்தக் கன்றுகளை அழகுக்காக வெட்டிச் சென்றால் தோட்டமே என்னவாகும்? அல்சாஸ் மக்களின் கணக்கும் அதே கணக்குத்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அம்மெர்ஷ்விர் ஊரார் விழாவை நிறுத்தவில்லை. மரம் வைக்கும் வழக்கத்தையும் ஒழிக்கவில்லை. வீட்டுக்கு ஒன்று, அதற்கும் ஓர் அளவு என்று வரையறுத்தார்கள். செல்வர் வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் அந்த அளவு ஒன்றாகவே இருந்தது. காடு ஊருக்குப் பொது என்றால், அதிலிருந்து எடுப்பதிலும் ஒரு பொது நியாயம் வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

இந்த எண்ணம் பின்னர் ஒரு தனிக் கல்வியாகவே வளர்ந்தது. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் வெள்ளிச் சுரங்கங்களை நிருவகித்துவந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்பவர் 1713ஆம் ஆண்டில் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சுரங்கங்களுக்கும் உருக்கு உலைகளுக்கும் மரம் வெட்டி வெட்டி, சுற்றுப்புறக் காடுகள் மொட்டையாகிவிட்டதை அவர் கண்டார். எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவே வெட்ட வேண்டும். அப்போதுதான் காடு தொடர்ந்து பயன் தரும் என்பது அவர் கருத்து. 'நீடித்து நிலைக்கும் பயன்பாடு' என்று இன்று உலக நாடுகளின் மன்றங்களில் பேசப்படும் கொள்கைக்கு அச்சில் கிடைக்கும் தொடக்கங்களுள் ஒன்று அந்நூல்.

மரத்தில் என்ன தொங்கவிட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அல்சாசின் தலைநகரான ஸ்ட்ராஸ்பூர்கில் 1605ஆம் ஆண்டில் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று, அவ்வூர் மக்கள் வீட்டுக் கூடத்தில் மரத்தை நிறுத்தி, அதில் பல வண்ணக் காகித ரோஜாக்களையும் ஆப்பிள் பழங்களையும் மெல்லிய அப்பங்களையும் பொன்னிறத் தகடுகளையும் சர்க்கரைப் பண்டங்களையும் தொங்கவிட்டதாகச் சொல்கிறது. பழமும் அப்பமும் சர்க்கரையும் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போயின. காகித ரோஜா அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கக்கூடியது. மரம் காய்ந்தால் அடுப்புக்கு விறகு. விழா முடிந்த பிறகு மிஞ்சிக் கிடப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இவ்வழக்கத்தின் சாயலைச் சுவீடன் நாட்டில் நெடுங்காலம் காண முடிந்தது. அங்கு ஜனவரி 13ஆம் நாள் கிறிஸ்துமஸ் காலம் நிறைவு பெறுகிறது. அன்று பிள்ளைகள் ஒன்றுகூடி ஆடிப்பாடி, மரத்தில் எஞ்சியிருக்கும் தின்பண்டங்களைப் பறித்து உண்பார்கள். பிறகு மரத்தை வெளியேற்றுவார்கள். மரத்தைக் 'கொள்ளையடிப்பது' என்றே அந்த விளையாட்டுக்குப் பெயர். அலங்காரத்தையே உண்டு முடித்துவிடும் விழா அது.

அப்படியிருந்த மரம் எப்படி உலகெங்கும் பரவியது? இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் ஜெர்மனியில் பிறந்தவர். அரசக் குடும்பம் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒன்றை 1848ஆம் ஆண்டில் லண்டனின் படப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. 1850ஆம் ஆண்டில் அமெரிக்க மாத இதழ் ஒன்று அதே படத்தைச் சிறிது மாற்றி அச்சிட்டது. அரசர் வீட்டில் இருப்பது தம் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று மக்கள் விரும்புவது எந்நாட்டிலும் இயல்புதானே. சில பத்தாண்டுகளில் நடுத்தரக் குடும்பங்களெல்லாம் மரம் வைக்கத் தொடங்கின. ஓர் ஊரின் வழக்கம் உலக வழக்கமாயிற்று. அதைத் தொடர்ந்து வாணிகமும் வளர்ந்தது.

தேவை பெருகியபோது காட்டைப் பற்றிய பழைய கவலையும் மீண்டும் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் அதற்கு ஒரு புதுவழி கண்டார்கள். கூஸ் வாத்தின் இறகுகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, அவற்றைக் கம்பியில் சுற்றிக் கிளைகளாக்கி, ஒரு கோலில் பொருத்தி மரம் செய்தார்கள். வாத்து இறைச்சி உண்ணும் நாட்டில் இறகுக்குப் பஞ்சமில்லை. உலகின் முதல் செயற்கைக் கிறிஸ்துமஸ் மரம் இதுதான் என்பர். ஜெர்மானியக் குடியேறிகள் இதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். 1913ஆம் ஆண்டில் சியர்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் இறகு மரம் இடம்பெற்றது. விழா முடிந்ததும் மடக்கிப் பெட்டியில் வைத்து, தாய் மகளுக்கும் மகள் பேத்திக்கும் கொடுத்த மரங்கள் பல. இன்றும் பழம்பொருள் சேகரிப்போரிடம் அவை கெடாமல் இருக்கின்றன.

இன்னொரு வழி, மரத்தைப் பயிராக்குவது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில உழவர் ஒருவர் 1901ஆம் ஆண்டில் 25,000 ஊசியிலை மரக் கன்றுகளைக் கிறிஸ்துமசுக்கென்றே நட்டார். அந்நாட்டில் இவ்வகைத் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம் என்று குறிப்பிடுவார்கள். இன்று மேலை நாடுகளில் விற்கும் இயற்கை மரங்களில் மிகப் பெரும்பாலானவை இத்தகைய தோட்டங்களில் ஏழு, எட்டு ஆண்டுகள் வளர்த்து வெட்டப்படுபவை. ஒன்றை வெட்டினால் அந்த இடத்தில் மற்றொன்று நடப்படுகிறது. காடு தப்பியது.

ஆனால் 20ஆம் நூற்றாண்டில் கவலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மரத்தைவிட, மரத்தோடு சேர்ந்து வந்த பொருள்கள் தொல்லையாயின. இங்கே மூன்று கதைகளைச் சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, ஜிகினா இழையின் கதை. ஜிகினா முதலில் மெல்லிய வெள்ளியால் செய்யப்பட்டது. வெள்ளி விலை மிகுந்தது. மெழுகுத்திரிப் புகையில் கறுத்தும் போகும். மலிவாகவும் கறுக்காமலும் இருக்க வேண்டுமென்று தேடியவர்கள் காரீயத்தைக் கண்டுபிடித்தார்கள். காரீய இழை கனமாக இருப்பதால் கிளையிலிருந்து நேராகத் தொங்கும். பார்க்க மிக அழகு. பல ஆண்டுகள் வீடுதோறும் அது தொங்கியது. ஆனால் காரீயம் உடலில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. கையில் கிடைத்ததை வாயில் வைப்பது குழந்தைகளின் இயல்பு. குழந்தையின் பிறப்பைக் கொண்டாடும் விழாவில், குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் நஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் இதில் தலையிட்டது. உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் 1972ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து காரீய ஜிகினாவை நிறுத்த இசைந்தார்கள். அதன் இடத்துக்குப் பிளாஸ்டிக் ஜிகினா வந்தது. அது நஞ்சு குறைந்தது. ஆனால் மக்கிப் போகாதது.

இரண்டாவது, உலோக மரத்தின் கதை. 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து நிறுவனம் ஒன்று அலுமினிய மரங்களைப் பெருவாரியாகச் செய்து விற்கத் தொடங்கியது. வெள்ளி போல் மின்னிய அந்த மரத்தில் மின்விளக்குச் சரத்தைச் சுற்ற முடியாது, மின்சாரம் தாக்கும். ஆகவே கீழே ஒரு விளக்கை வைத்து, வண்ணத்தகடு ஒன்றைச் சுழலவிட்டு ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒரு பத்தாண்டுக்குள் அந்த மோகம் தணிந்துவிட்டது. பிறகு பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் மரம் எங்கும் பரவியது. அந்தப் பிளாஸ்டிக் உறுதி குலையாமல் இருப்பதற்காக அதில் காரீயச் சேர்மங்களைக் கலக்கும் வழக்கமும் இருந்தது. முன்வாசல் வழியாக வெளியேறிய காரீயம் பின்வாசல் வழியாகத் திரும்பிவந்தது என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பரிசுத் தாளின் கதை. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹால் சகோதரர்கள் என்ற வணிகர்களின் கடையில், பரிசுகளைச் சுற்றும் மெல்லிய தாள் கிறிஸ்துமசுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அவர்கள் கையில் இருந்தது, கடித உறைகளின் உட்புறத்தில் ஒட்டுவதற்காகப் பிரான்சிலிருந்து வரவழைத்த வண்ணத்தாள். அதை எடுத்து விற்றார்கள். உடனே விற்றுத் தீர்ந்தது. அந்தக் கடைதான் பின்னாளில் ஹால்மார்க் என்னும் பெரிய நிறுவனமாயிற்று. ஒரு நாள் பற்றாக்குறையைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இன்று வரும் பரிசுத் தாள்களுள் பிளாஸ்டிக் பூச்சும் பளபளப்பும் கொண்டவற்றைக் காகித ஆலைகள் மறுபடி கூழாக்க முடிவதில்லை. ஜப்பானியரோ பொருள்களைச் சதுரத் துணியில் முடிந்து கொடுப்பார்கள். ஃபுரோஷிகி என்று அதற்குப் பெயர். அந்தத் துணி கைமாறிக்கொண்டே இருக்கும்.

இம்மூன்று கதைகளிலும் பொதுவாக ஒன்று தெரிகிறது. ஒவ்வொரு மாற்றுப் பொருளும் ஒரு குறையைத் தீர்க்கவே வந்தது. வெள்ளியின் விலையைத் தீர்க்கக் காரீயம் வந்தது; காரீயத்தின் நஞ்சைத் தீர்க்கப் பிளாஸ்டிக் வந்தது. செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் "இது எத்தனை ஆண்டு உழைக்கும்? உழைத்து முடிந்த பிறகு எங்கே போகும்?" என்ற இரண்டு கேள்விகளை யாரும் கேட்கவில்லை. இறகு மரத்தைப் பேத்திக்குக் கொடுத்தவர்கள் அந்தக் கேள்விகளுக்குத் தாமறியாமலே விடை சொல்லியிருந்தார்கள்.

இக்காலத்து ஆய்வு ஒன்றும் இதையே உறுதி செய்கிறது. பிரிட்டனில் உள்ள கார்பன் டிரஸ்ட் என்னும் அமைப்பு இரண்டு மீட்டர் உயரமுள்ள மரங்களைக் கணக்கிட்டது. பிளாஸ்டிக் மரம் ஒன்றைச் செய்து விற்பதால் ஏறத்தாழ 40 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான கேடு உண்டாகிறது. இயற்கை மரத்தை வெட்டிக் கொண்டாடிவிட்டுக் குப்பைமேட்டில் புதைத்தால் அது 16 கிலோ. காற்றில்லாமல் மண்ணுக்கடியில் அழுகும்போது மீத்தேன் வாயு கிளம்புவதே காரணம். அதே மரத்தைத் தூளாக்கித் தோட்டத்தில் பரப்பினாலோ விறகாக எரித்தாலோ 3.5 கிலோ மட்டுமே. 40ஐ 3.5ஆல் வகுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் மரம் வாங்கியவர் அதைப் பன்னிரண்டு கிறிஸ்துமசுக்காவது வைத்திருந்தால்தான் கணக்கு நேராகும். இரண்டு ஆண்டில் நிறம் மங்கிவிட்டது என்று வீசினால் நட்டம்.

ஆக, இயற்கை மரமா, செயற்கை மரமா என்று வாதிடுவதைவிட, அந்த மரத்தின் பின்வாழ்வை எண்ணுவதே பயனுள்ளது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் கரையோரத்தில் விழா முடிந்த மரங்களை ஆயிரக்கணக்கில் திரட்டிக் கடற்கரை மணலில் வரிசையாகப் புதைக்கிறார்கள். காற்றில் பறக்கும் மணலை அவை தடுத்துப் பிடிக்கின்றன; மணற்குன்று வளர்ந்து ஊரைக் கடலலையிலிருந்து காக்கிறது. பெர்லின் நகர விலங்குக் காட்சிச்சாலையில் விற்காமல் மிஞ்சிய மரங்களை யானைகளுக்குத் தீனியாகப் போடுகிறார்கள். மருந்து தெளித்த மரம் தீங்கு செய்யும் என்பதால், வீடுகளில் அலங்கரித்து வைத்தவற்றை அவர்கள் ஏற்பதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான பாடம் உண்டு. பால் வற்றிய ரப்பர் மரங்களை ஒரு காலத்தில் விறகாக எரித்தோம். அல்லது நட்ட இடத்திலேயே கொளுத்தினோம். பின்னர் அந்த மரத்தைப் பதப்படுத்தும் முறை வந்ததும் அதுவே மேசை நாற்காலியாகிக் கப்பலேறியது. கழிவு என்று நாம் தள்ளியது, கேள்வி கேட்டபோது பொருளாயிற்று.

வீசப்படும் பொருள் எங்கோ போய்விடுகிறது என்று நினைப்பவர்களுக்கு, நம் நாட்டின் அண்மை வரலாறே மறுமொழி கூறும். உலகின் பிளாஸ்டிக் கழிவுகளை நெடுங்காலம் வாங்கிக்கொண்டிருந்த சீனா, 2018ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதை நிறுத்தியது. செல்வ நாடுகளின் கழிவு வேறு துறைமுகங்களைத் தேடியது. அதில் பெரும்பங்கு மலேசியாவுக்கு வந்தது. சிலாங்கூர் மாநிலம் கோலலங்காட் வட்டாரத்தில் ஜெஞ்சாரோம் என்னும் ஊரில், செம்பனைத் தோட்டங்களுக்கு அருகே, உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. உருக்க முடியாத கழிவை இரவில் எரித்தார்கள். மக்கள் மூச்சுத் திணறினார்கள். ஊர்மக்கள் விடாமல் முறையிட்டதன் பேரில் அரசு அந்த ஆலைகளை மூடியது. 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், 3,737 டன் கழிவு அடங்கிய 150 கொள்கலன்களை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதாக அரசு அறிவித்தது. யாரோ எங்கோ ஒருமுறை பயன்படுத்தி எறிந்த பொருளின் புகையை நம் குழந்தைகள் சுவாசித்தார்கள். நாம் எறிவதன் புகையை யார் சுவாசிப்பார்கள் என்பதையும் அந்நிகழ்ச்சி நம்மைக் கேட்க வைக்கிறது.

நம் மண்ணில் பனியும் இல்லை. அந்த ஊசியிலை மரமும் இயல்பாக வளர்வதில்லை. கடல் கடந்து குளிரூட்டிய பெட்டிகளில் வரும் மரம் விலையிலும் எரிபொருளிலும் சுமைதான். பிளாஸ்டிக் மரம் வருமுன் வெப்ப நாட்டுக் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? சவுக்கு மரக் கிளையை வெட்டி வந்து நட்டார்கள். மலாய் மொழியில் ரூ என்று சொல்லப்படும் அந்த மரம் நம் கிழக்குக் கரையோரத்தில் நிறைய உண்டு. சவுக்கு உண்மையில் ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்ததன்று. ஆனாலும் அதன் மெல்லிய கிளைகள் பார்வைக்கு ஊசியிலை போலவே இருக்கும். கிளையை வெட்டினால் மரம் சாவதில்லை; விழா முடிந்தால் கிளை விறகாகும்.

வீட்டு வாசலில் தொங்கும் விண்மீனும் அப்படியே. மூங்கில் சிம்புகளைச் சீவி, ஐந்து முனையாகக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு விளக்கை வைத்தால் விண்மீன் ஆயிற்று. தாள் கிழிந்தால் அடுத்த ஆண்டு புதுத்தாள் ஒட்டலாம். மூங்கில் சட்டம் பல ஆண்டு வரும். தமிழகக் கிறிஸ்தவர்கள் குடிலைச் சுற்றிக் கேழ்வரகு போன்ற தானியங்களை முளைக்க வைத்துப் புல்வெளி அமைப்பதும் உண்டு. மாடு தின்னக்கூடிய அலங்காரம் அது. கிரேச்சோ வைக்கோலுக்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை, பாருங்கள்!

ஆசிரியர்களாகிய நாங்கள் பள்ளியில் இதையே ஒரு செய்முறைப் பாடமாக வைக்கலாம். பிள்ளைகள் கிறிஸ்தவர்களாயினும் இந்துக்களாயினும் இசுலாமியராயினும் மூங்கில் விண்மீன் செய்யும் கைத்திறன் எல்லார்க்கும் பொது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இதே இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: எத்தனை ஆண்டு உழைக்கும்? பிறகு எங்கே போகும்?

வீட்டிலே செய்யக்கூடியவை எளியவை. ஏற்கெனவே பிளாஸ்டிக் மரம் இருந்தால் அதை வீசிவிட்டுப் 'பசுமையான' வேறொன்றை வாங்க வேண்டாம். இருப்பதைத் துடைத்துப் பெட்டியில் வைத்து இன்னும் பத்தாண்டு பயன்படுத்துவதே சிறந்தது. மின்விளக்கு பழுதானால், மிகக் குறைந்த மின்சாரத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கை வாங்கலாம், உறங்கப் போகும்போது அணைத்துவிடலாம். பரிசைத் துணியிலோ பழைய நாளிதழிலோ சுற்றலாம். விருந்துக்குக் காகிதத் தட்டும் பிளாஸ்டிக் குவளையும் வாங்குவதைவிட, பக்கத்து வீட்டாரிடம் தட்டுகளை இரவல் பெறலாம். லயங்களில் வாழ்ந்த காலத்தில் எந்த வீட்டுத் திருமணத்துக்கும் எல்லார் வீட்டு அண்டாவும் வந்து சேர்ந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உணவை அளவாகச் சமைப்பதும் மிஞ்சியதை உரியவர்க்குக் கொடுப்பதும் இதில் அடங்கும்.

இப்படிச் செய்தால் விழாவின் மகிழ்ச்சி குன்றிவிடுமா என்று சிலர் அஞ்சலாம். அம்மெர்ஷ்விர் ஊரில் எட்டுச் சப்பாத்து நீள மரத்தை வைத்த பிறகு விழா நின்றுவிடவில்லை. அங்கிருந்துதானே அது உலகெங்கும் பரவியது! செலெஸ்டா நகரத்தார் அன்று காவலர்க்குக் கொடுத்த 4 ஷில்லிங், பின்வந்தவர்களுக்கும் மரம் இருக்கட்டும் என்று கொடுத்த காசு. நம் காட்டுக்கும் கடற்கரைக்கும் விழாக் காலத்தில் அத்தனை வீட்டுக்கும் காவலர் போட முடியாது. அந்தக் காவலை வீட்டுக்கு வீடு நாமே ஏற்க வேண்டியதுதான்.